ஓடி வந்தவனின் இரத்தம்

மணிச்சத்தம் முதலில் வந்தது. பிறகு பாட்டு. அதற்கும் பிறகுதான் மக்காச்சோளக் காட்டின் வளைவில் கூட்டம் தெரிந்தது.

பிகேட்டி பைக்கை நிறுத்தி, இருக்கையின் மேலேயே ஊசியையும் குழாயையும் எடுத்து வைத்தான். பத்தடி தள்ளி சிஃபுனாவின் வீட்டு வாசல். அதை அவன் தாண்டக் கூடாது. மனைவி செத்த பின் தலை மழிக்காதவன், ஆண்மகனாவதற்கு நுனித்தோல் வெட்டும் கத்திக்கு நிற்கப்போகும் பையனின் முற்றத்தில் கால் வைத்தால் பையனுக்கு ஆகாது. புகுசு இனத்தாருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவன் மனைவி நசம்பு இறந்த மூன்றாம் நாள் அவனை மழிக்க ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டான். மாதிரிகள் காத்திருந்தன. பிறகு யார் கேட்டாலும் அடுத்த வாரம் என்றான். ஆறு மாதக் கர்ப்பத்தில் அவள் மூளை நாளத்தில் இரத்தம் உறைந்துவிட்டது. காலையில் தலைவலி என்றாள். மாலையில் வலது கை தூக்க வரவில்லை. அவ்வளவுதான். அவனுடைய வேலை உறையாத இரத்தத்தைப் பற்றியது.

கூட்டம் நெருங்கியது. நடுவில் சிதுமா. வெற்று மார்பில் மாவும் வியர்வையும் குழம்பிக் கிடந்தன. கையில் இரும்பு மணிகள். மூன்று நாளாகச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஓடி, நாளை காலை கத்திக்கு வாருங்கள் என்று ஆடிப்பாடி அழைத்துக்கொண்டிருக்கிறான். இன்று தாய்மாமன் வீடு கடைசி.

“நில்லுடா. ரத்தக்காரர் வந்திருக்கார்,” என்றார் அவன் அப்பா சிஃபுனா. சொல்லும்போதே புசாக் கள்ளின் வாசனை அடித்தது. “ஒரு சொட்டுதானே தம்பி? சட்டுனு எடு. மாமன் வீட்டுல மாடு அறுத்துட்டு காத்திட்டிருக்காங்க.”

“அரை மணி நேரம் உக்காரட்டும் ஐயா. அப்புறம் எடுக்கிறேன்.”

கூட்டம் சிரித்தது.

“கடைசி நாள்ல உக்காந்த பையனை எவனாவது பாத்திருக்கீங்களா?” என்றான் ஒருவன்.

“உக்காந்தா காலு செத்துடும்யா. நாளைக்கு கத்திக்காரன் முன்னாடி இவன் தள்ளாடவா?”

“உள்ள கூட்டிட்டுப் போய் திண்டு போட்டு உக்கார வைக்கச் சொல்லேன்,” என்றாள் பாட்டுக்காரி ஒருத்தி.

“அவரு எங்க உள்ள வர? தலையில குருவி கூடு கட்டியிருக்கே.”

மறுபடி சிரிப்பு. பிகேட்டி பையனின் கையைப் பிடித்தான். நாடி விரலை உதைத்தது. ரப்பர் பட்டை வியர்வையில் வழுக்கியது. நின்றபடியே குழாய் நிறைந்தது.

“இதுல என்ன தெரியும்ணா?” என்றான் சிதுமா, மூச்சு வாங்க.

“வெட்டினா ரத்தம் நிக்குமா, நிக்காதான்னு.”

“நான் நிப்பேன். அதுவும் நிக்கும்.”

மணி மறுபடி அதிர்ந்தது. கூட்டம் ஓடியது.

*

இந்தப் பையனைச் சோதிக்கச் சொல்லி வந்தவர் அவன் தாய்மாமன் வலுபெங்கோதான். கத்திக்கு நின்று இரத்தம் நிற்காமல் இறந்த பையன்களின் குடும்பங்களைத் தேடிக் கணக்கெடுக்கும் ஆய்வு என்று கேள்விப்பட்டு, புங்கோமா நகரத்துக்கு மட்டாட்டு வேனில் தொங்கிக்கொண்டு வந்தார். தன் தம்பி முக்வானாவைப் பற்றிச் சொன்னார். கத்தியின் போது கண்கூட அசையவில்லை அவனுக்கு. முதல் நாள் நின்ற இரத்தம் நான்காம் நாள் தானாகத் திறந்துகொண்டது. தவிட்டையும் இலையையும் அப்பினார்கள். ஆறாம் நாள் புதைத்தார்கள். அந்த வீட்டில் சாபம் இருக்கிறது என்று ஊர் பேசியது. இன்னும் பேசுகிறது.

இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள் பல. அதில் எட்டாம் காரணி என்று பெயரிடப்பட்ட ஒன்று குறைந்தால் ஹீமோஃபிலியா. அம்மா சுமப்பாள், மகன் அனுபவிப்பான். அடியோடு இல்லாதவனைத் தவழும் வயதிலேயே கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் இருப்பவன்தான் ஆபத்து. அவன் ஓடுவான், மரம் ஏறுவான், பள்ளியில் பந்து உதைப்பான். கத்தி படும் வரை அவனுக்கே தெரியாது.

வலுபெங்கோவின் அக்கா நமல்வாவுக்குச் சோதித்தபோது நாற்பது சதவீதம் வந்தது. ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டியது. அவள் மகன் சிதுமாவுக்குப் பல் விழுந்தபோது இரண்டு நாள் தலையணை நனைந்ததாகச் சொன்னாள். அவனைச் சோதனைக்கு அனுப்ப சிஃபுனா இழுத்தடித்துக் கடைசி நாள் வரை கொண்டுவந்துவிட்டார்.

முற்பகலிலேயே கருவி எண்ணைக் காட்டியது. ஐம்பத்திரண்டு.

பிகேட்டி சிஃபுனாவைக் கூப்பிட்டான். “அம்பத்திரண்டு ஐயா. பரவாயில்ல. வெட்டலாம்.”

“டேய், வெட்டலாமாம்டா!” சிஃபுனா போனை விலக்கிக் கத்தினார். அந்தப் பக்கம் குலவை எழுந்தது. நீளமாக, பல குரலில். பிகேட்டி அது முடியும் வரை கேட்கவில்லை.

பிறகு எல்டோரெட்டில் இருந்த டாக்டர் ஜெப்தூவுக்குச் சொன்னான். ஆய்வின் தலைவர் அவர்.

“அம்பத்திரண்டா? ஆச்சரியமா இருக்கு,” என்றார் அவர். “அம்மாவுக்கு நாப்பது. பல் கதை வேற. சரி, இருக்கலாம். எவ்வளவு நேரம் உக்கார வச்சே?”

பிகேட்டி கருவியின் மூடியைத் திறந்து மூடினான்.

“லைன்ல இருக்கியா?”

“நின்னுட்டிருந்தான் மேடம்.”

“நின்னுட்டா?”

“ஓடி வந்து நின்னான். மூணு நாளா ஓடுறான்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“ஓடுறவன் ரத்தத்துல எட்டு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஏறும். பயம் வேற இருக்கும். உனக்கு நான் சொல்லணுமா? அரை மணி உக்கார வைக்கணும்னு விதிமுறையில எழுதினதே நீதான் பிகேட்டி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அவங்க வீட்டுக்குள்ள நான் போக முடியாது மேடம். ரோட்டுல எடுத்தேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“வெட்டலாம்னு சொல்லிட்டேன்.”

ஜெப்தூ திட்டவில்லை. “போ,” என்றார். “உடனே போ.”

சிஃபுனாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யார் எடுப்பார்கள். பிகேட்டி குழாய்களையும் ஊசியையும் பையில் திணித்தான். பைக் ச்வேலே சாலையில் ஏறியபோது மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாளை கத்தி படும்போதும் பையன் உடம்பில் அந்த வேகம் இருக்கும். இரத்தம் நிற்கும். எல்லோரும் ஆடுவார்கள். பிறகு குடிசையில் படுக்க வைப்பார்கள். உடம்பு ஓயும். எண் இறங்கும். நான்காம் நாள் திறந்துகொள்ளும்.

*

வலுபெங்கோவின் வீட்டு வாசலில் மூங்கில் கம்பு குறுக்கே கிடந்தது. உள்ளே மணிச்சத்தம். மாட்டை அறுத்து முடித்துவிட்டார்கள். நெஞ்சுக்கறியை வளையமாக வெட்டி ஓலை மேல் வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. தாய்மாமன் அதை எடுத்துப் பையனின் கழுத்தில் போட வேண்டும். போட்டுவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்காமல் வீடு, ஆற்றில் முழுக்கு, கத்தி.

“இன்னும் போடலயே?” என்றான் பிகேட்டி.

வலுபெங்கோ கம்புக்கு அந்தப் பக்கம் நின்றார். பெரிய உடம்பு. கையெல்லாம் கொழுப்பு. “இல்ல. என்ன தம்பி, மூஞ்சி சரியில்ல.”

“காலையில சொன்ன கணக்கு தப்பு. அவன் ஓடி வந்த ரத்தம் அது. உக்கார வச்சு எடுத்தாதான் உண்மை தெரியும்.”

“வெட்டலாம்னு சொன்னது நீதானே?”

“நான்தான்.”

“சேதி கேட்டு என் வீட்டுப் பொம்பளைங்க குலவை போட்டாங்க. என் பொண்டாட்டி அழுதா. பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் ஊர்ல நிமிந்து நின்னேன். இப்ப வந்து தப்புங்கறே. இப்ப சொல்றது தப்பு இல்லன்னு எப்படி நம்புறது?”

“என்னை நம்ப வேணாம் ஐயா. அவனை உக்கார மட்டும் வைங்க. திரும்ப எடுக்கிறேன்.”

“மாமன் வாசலுக்குள்ள வந்தவன் கறி போடாம வெளிய வரக் கூடாது.”

“அப்ப நான் உள்ள வரணும்.”

வலுபெங்கோ அவன் தலையைப் பார்த்தார். பிறகு திரும்பாமலேயே மனைவியை அழைத்தார். “ஒரு சொம்பு தண்ணி கொண்டா. பிளேடும்.”

முற்றத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்தார். “வாசப்படியில வச்சு மழிக்கிறதா? இது என்ன முறை? அவன் ஆளுங்க வேணும், கோழி வேணும்.”

“முறையா செய்ய வேற நாள் வரட்டும் சித்தப்பா. இன்னிக்கு இவனுக்கு வழி வேணும்.”

பிகேட்டி மண்ணில் முட்டி போட்டான். தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பிளேடு தோலை இழுத்தது. புதிய பிளேடு இல்லை.

“யாருக்காக மழிக்கிறே?” என்றார் வலுபெங்கோ. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவன் மண்ணில் விழுந்த முடியைப் பார்த்தான்.

“சொல்லு தம்பி. சொல்லாம முடியாது.”

“நசம்புவுக்கு.”

அடக்கம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை அவன் வாயால் சொன்னதில்லை. முடி கற்றை கற்றையாகச் செம்மண்ணில் விழுந்தது. வலுபெங்கோ கம்பைத் தூக்கினார்.

*

சிதுமா உட்கார மறுத்தான்.

“சிரிச்சிட்டே பாடுவாங்க மாமா. பயந்து முக்காலியில உக்காந்தான்னு. நான் கிழவன் ஆனாலும் பாடுவாங்க.”

“முக்வானா கண்ணைக்கூட சிமிட்டல,” என்றார் வலுபெங்கோ. “அவனைப் பத்தி எவன் பாடுறான்? ஒரு பாட்டு சொல்லு, கேப்போம்.”

பையன் மாமனைப் பார்த்தான். பாட்டுக்காரர்களைப் பார்த்தான். யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. மணிகளைக் கழற்றிக் கீழே வைத்தான். உட்கார்ந்தான்.

“பாட்டு வேணாம்,” என்றான் பிகேட்டி. “சத்தம் வேணாம். யாரும் இவன்கிட்ட பேசாதீங்க.”

முற்றம் நிறைய ஆட்கள். ஆட வந்தவர்கள், குடிக்க வந்தவர்கள். கத்திக்கு முந்தைய நாள் ஒரு முற்றம் இப்படி வாய்மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை. ஈ மட்டும் கறியைச் சுற்றியது. பிகேட்டி பையனின் மணிக்கட்டில் விரலை வைத்தான். நாடி குதித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. சிதுமாவின் தோளில் வியர்வை காய்ந்து மாவு வெடிக்கத் தொடங்கியது.

அப்போது வாசலில் சிஃபுனா. பின்னால் நமல்வா ஓடி வந்தாள்.

“எவன்டா என் புள்ளையை உக்கார வச்சது?”

பிகேட்டியின் விரலுக்கடியில் நாடி துள்ளியது. அவன் மற்றக் கையை உயர்த்தினான்.

“ஐயா, கத்தாதீங்க. நீங்க கத்தினா இவன் ரத்தத்துல ஏறும். மறுபடி முதல்லேருந்து உக்காரணும்.”

“என் தொண்டை இவன் ரத்தத்துல ஏறுதா?”

“ஏறுது. இதோ என் விரல்ல தெரியுது.”

சிஃபுனா நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு, அடித்தொண்டையில், கிசுகிசுப்பாக, ஒவ்வொரு சொல்லாகக் கடித்து வலுபெங்கோவிடம் சொன்னார்: “உன் வீட்டு சாபத்தை என் புள்ள தலையில கட்டப் பாக்கறே.”

“சாபம்னா நீ ஏன் என் அக்காவைக் கட்டினே?” வலுபெங்கோவும் கிசுகிசுத்தார்.

“தெரியாம கட்டினேன்.”

“பன்னெண்டு மாடு பரிசம் குடுத்தப்போ கண்ணு தெரிஞ்சுதுல்ல?”

யாரோ சிரிப்பை அடக்கத் துணியைக் கடித்தார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் முகத்துக்கு முகம் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, ஊமைகள் போலச் சண்டை போட்டார்கள்.

“அந்தக் கறியை எடுத்துப் போடு.”

“முடிவு வராம போட மாட்டேன்.”

“போடலேன்னா நாளைக்கு ஊரு உன்னை என்ன சொல்லும் தெரியுமா? மருமகன் ஆம்பளை ஆகறது பொறுக்காத மாமன்னு சொல்லும்.”

“சொல்லட்டும். தம்பியைக் கொன்னவன்னு ஏற்கனவே சொல்றாங்க. கூட ஒண்ணு.”

நமல்வா இருவருக்கும் நடுவில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு நாப்பதுதான்னு சொன்னாங்க. அந்தக் குறை எங்கம்மா எனக்குக் குடுத்தது. நான் இவனுக்குக் குடுத்தேன். இதுல சாபம் எங்க இருக்கு? போங்க, ரெண்டு பேரும் அந்த மரத்தடியில போய் உக்காருங்க. புள்ள உக்காந்திருக்கான், உங்களுக்கு என்ன கேடு?”

சிஃபுனா போகவில்லை. ஆனால் வாயை மூடினார்.

நாடி மறுபடி இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பிகேட்டிக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது ஒரு பகல் போல இருந்திருக்கும். ஊசி போனது. குழாய் நிறைந்தது. இந்த முறை இரத்தம் மெதுவாக வந்தது.

“எப்ப தெரியும்?” என்றார் வலுபெங்கோ.

“விளக்கு வைக்கிறதுக்குள்ள.”

“அதுவரைக்கும் கறி ஓலையிலயே இருக்கும்.”

*

பத்தொன்பது.

பிகேட்டி கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினான். பத்தொன்பது. எண்ணைப் பார்த்தபடி நின்றான். காலையில் அவன் சொன்ன ஒரு வார்த்தைக்கும் ஒரு புதைகுழிக்கும் நடுவில் ஓலை மேல் கிடக்கும் ஒரு கறித்துண்டுதான் இருந்தது. போனை எடுத்தான்.

வலுபெங்கோ முதல் மணியிலேயே எடுத்தார். எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தார்.

“பத்தொம்பது,” என்றான்.

குலவை இல்லை.

“காலையில அம்பத்திரண்டு,” சிஃபுனாவின் குரல். களைத்திருந்தது. “இப்ப பத்தொம்பது. நாளைக்கு என்ன சொல்லுவே?”

“நாளைக்கும் இதுதான் ஐயா. காலையில அவனை உக்கார வைக்காதது என் தப்பு. எந்தச் சபையில கூப்பிட்டுக் கேட்டாலும் வந்து சொல்றேன். என்னை என்ன வேணா செய்ங்க. நாளைக்கு கத்தி வேணாம். முதல் நாள் நிக்கும். நாலாம் நாள் ஆரம்பிக்கும்.”

“முக்வானா மாதிரி,” என்றார் வலுபெங்கோ.

“ஆமா.”

“அப்ப என் புள்ள கடைசி வரைக்கும் பையனாவே இருக்கணுமா?” என்றார் சிஃபுனா.

“இல்ல. குறையறதை ஊசியில ஏத்தலாம். எல்டோரெட்லேருந்து டாக்டர் கொண்டு வருவாங்க. ஆஸ்பத்திரியில வெட்டணும். அப்புறம் பத்து நாள் தினமும் ஏத்தணும்.”

“ஆஸ்பத்திரி வெட்டு பொம்பள வெட்டுன்னு…” சிஃபுனா முடிக்கவில்லை.

ஒரு சலசலப்பு. போன் கை மாறியது.

“அண்ணா,” என்றான் சிதுமா. “அங்க நின்னுக்கிட்டு வெட்டிக்கலாமா?”

*

டாக்டர் ஜெப்தூ முதலில் முடியாது என்றார். மரத்துப்போகும் ஊசி இல்லாமல் தொட மாட்டேன் என்றார். ஊசி போட்டுக்கொண்டால் அது என்ன வீரம் என்றார் சிஃபுனா. மருத்துவமனை வராந்தாவில் அரை நாள் பேச்சு நடந்தது. கடைசியில் பையனே முடித்து வைத்தான். ஊசி போடுங்க, ஆனா படுக்க மாட்டேன் என்றான்.

முதலில் எட்டாம் காரணியை ஏற்றினார்கள். சோதித்தார்கள். தொண்ணூறு. வலுபெங்கோ கறி வளையத்தை மருத்துவமனை வாசலில் வைத்துக் கழுத்தில் போட்டார். காவலாளி அதை உள்ளே விடமாட்டேன் என்று சண்டை போட்டான். போட்டுக் கழற்றினார்கள். அறையில் சிதுமா சுவரைப் பார்த்து நின்றான். ஜெப்தூ முட்டி போட்டு வெட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஐந்தாறு ஆண்கள் தணிந்த குரலில் பாடினார்கள். நிறையப் பேர் வரவில்லை. வராதவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் நின்றது. அதை யாரும் கொண்டாடவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். சிஃபுனாவும் வலுபெங்கோவும் வராந்தா பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெளியே போனால் மற்றவர் போகவில்லை. பேசிக்கொள்ளவும் இல்லை. நமல்வா இருவருக்கும் உகாலிக் களி கொண்டுவந்தாள். ஒரே தட்டில்.

நான்காம் நாள் காலை பிகேட்டி உள்ளே போனான். இது அவன் வேலை இல்லை. செவிலி ஒன்றும் சொல்லவில்லை. கத்தரியால் கட்டுத்துணியை மெல்ல நறுக்கினான். மேல் பஞ்சு வெள்ளை. அடுத்தது வெள்ளை. கடைசிப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து, மூச்சை நிறுத்தி, இழுத்தான். பழுப்பாக ஒரு திட்டு. பழையது. காய்ந்தது. புதுப் பஞ்சை வைத்து அழுத்தி எடுத்துப் பார்த்தான். மறுபடியும் அழுத்தினான்.

“ஐயோ, வலிக்குதுண்ணா. ஒரு தடவை பாத்தா போதாதா?” என்றான் சிதுமா.

“போதாது.”

வெளியே வந்தபோது இருவரும் எழுந்து நின்றார்கள்.

“நின்னிருக்கு,” என்றான்.

சிஃபுனா அவன் முகத்தையே பார்த்தார். “நிச்சயமா?”

“இன்னிக்கு நிச்சயம். நாளைக்கும் பாக்கணும்.”

சிஃபுனா தலையாட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, பிகேட்டிக்கு இடம் விட்டார்.